நனைத்து வைத்த இலை

கொற்கையை விட்டு நடக்கத் தொடங்கியிருந்தோம். பின்னால் குளம், இரண்டு பக்கமும் வாழை. என் தோளில் பெரிய பை, அதன் மேல் சுருட்டிக் கட்டிய போர்வை. அவள் கையில் வயர்கூடை, அதற்குள் காலையில் கட்டிய புளிச்சோற்றில் மிச்சம். தார்ச்சாலைக்குப் போய் பஸ் பிடித்தால் ஆத்தூர். அங்கிருந்து புன்னைக்காயல். அதற்கப்புறம் கடல்தான். எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். காலில் முள் குத்திவிட்டதோ என்று நினைத்தேன். திரும்பாமலே சொன்னாள்.

"இலையை நனைச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முக்கூடலில் எங்கள் தெருவில் பீடி சுற்றாத வீடு குறைவு. பீடிக் கடையில் சுற்றக் கொடுக்கும் இலை காய்ந்த சருகாக இருக்கும். சாயங்காலம் அதைத் தண்ணீரில் முக்கி எடுத்து, உதறி, ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பார்கள். ராத்திரி முழுக்கப் பதமானால்தான் காலையில் கத்தரிக்கு மசியும். நனைத்த இலையை மறுநாள் வெட்டியே ஆக வேண்டும். சுருட்டியபடியே கிடந்தால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடித்துக் கறுத்துவிடும். அதனால் வெளியூர் போவதற்கு முந்தின சாயங்காலம் யாரும் இலையை நனைக்க மாட்டார்கள். கல்யாணம், கோயில்கொடை என்று எதற்குக் கூப்பிட்டாலும் எங்கள் தெருப் பெண்கள் முதலில் கேட்பது "இலை நனைச்சாச்சா?" என்றுதான். நனைத்தாயிற்று என்றால் பயணம் கிடையாது.

என் மனைவி பாவாடை கட்டிய நாளிலிருந்து இதைச் செய்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் என் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள், புளி கரைத்தாள், நடுவில் வாளியை எடுத்து இலையையும் நனைத்துவிட்டாள். கை பழக்கத்தில் செய்ததை மனசு கவனிக்கவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. சாவி அவள் கூடையில் இருந்தது. பக்கத்து வீட்டில் சொல்லி இலையைப் பிரித்துப் போடச் சொல்லவும் வழியில்லை.

நான் அந்த வீட்டில் வருஷத்தில் சில வாரங்கள்தான் இருப்பவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானே போகவில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் வரப்பு மிதித்தேன். கொல்லத்தில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் சுமந்தேன். கடைசியில் போர்வெல் வண்டியில் ஏறினேன், அதுதான் நிலைத்தது. ஆந்திரா, சத்தீஸ்கர், ஒடிசா என்று தரையைத் துளைத்துக்கொண்டே போகிற வேலை. வண்டிக்கு அடியிலேயே சமையல், அங்கேயே தூக்கம். ஒரு தடவை சங்கிலி என் இடது கை மோதிர விரலின் நுனியை எடுத்துக்கொண்டது. ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் தையல் போட்டார்கள். மறுநாள் ஒரு கையால் செய்ய முடிந்த வேலையைச் செய்தேன்.

வெளியில் இருக்கும்போது வீட்டு நினைப்பு இல்லாமல் இல்லை. எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. ஆனாலும் யாராவது பீடிக் கட்டைப் பிரித்தால் பக்கத்தில் போய் நின்று நூலின் நிறத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிறம் உண்டு. கர்நாடகத்தில் ஒரு பெட்டிக்கடையில் ஒருமுறை எங்கள் ஊர்க் கடையின் பச்சை நூலைப் பார்த்துவிட்டு ஒரு கட்டு வாங்கினேன். அவள் சுற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஊரில் எத்தனையோ கைகள். இருந்தாலும் பைக்குள் வைத்திருந்தேன், அது உதிர்ந்து தூளாகிற வரைக்கும்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அவள் என்னைக் கேட்டாள், இனிமேல் போக வேண்டாம், இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று. சரி என்று ஒரு கோடைக்காலம் முழுக்க இருந்தேன். செங்கல் சூளைக்குப் போனேன். சாயங்காலமானால் ஆற்றுப் பாலத்தில் போய் நின்று, வெளிமாநில நம்பர் போட்ட லாரி எது போகிறது என்று பார்ப்பேன். வீட்டில் சாப்பிடும்போதும் சுவரைத்தான் பார்த்திருக்கிறேன் போல. ஒருநாள் தட்டை வைத்துவிட்டு அவள் சொன்னாள். "பக்கத்துல இருந்துட்டே தூரத்துல இருக்கதுக்கு, நீங்க தூரத்துலயே இருங்க." நான் போனேன். அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை.

அவள் கேட்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன். கேட்காமல் நானாக இருக்க வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். வருஷங்கள் இப்படித்தான் போயின. இந்தத் தடவை நாமக்கல்லில் இருந்து மேனேஜர் போன் செய்து, வண்டி ஒடிசா போகிறது, இந்தமுறை சீக்கிரம் திரும்பாது என்று சொன்னபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டே, "போறதுக்கு முந்தி என்னை ஆறு கடல்ல விழுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அவள் கடல் பார்க்காதவள் அல்ல. திருச்செந்தூரில் எத்தனையோ தடவை குளித்திருக்கிறாள். ஆனால் பிறந்ததிலிருந்து எந்தத் தண்ணீரில் குளித்தாளோ, துணி துவைத்தாளோ, அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று பார்த்ததில்லை. போகிற வழியில் ஆதிச்சநல்லூரையும் கொற்கையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். ராத்திரி ஆத்தூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு மாடியில் தங்குவது. காலையில் திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டுக்கு வருவது. அங்கே அவள் முக்கூடல் பஸ்ஸிலும் நான் நாமக்கல் போகிற பஸ்ஸிலும் ஏறுவது. அதனால்தான் என் தோளில் அந்தப் பை. ஒருநாள் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய புருஷன் பெண்டாட்டி மாதிரி நாங்கள் இல்லை. வழியனுப்ப வந்தவளும் வழியில் போகிறவனும் மாதிரிதான் இருந்தோம்.

ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதன் மேல் நடந்து குனிந்து பார்க்கலாம். அவளுக்கு முதலில் கால் வைக்கப் பயம். பிறகு என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கீழே செம்மண்ணில் பாதி புதைந்தபடி பெரிய பெரிய தாழிகள். சில உடைந்து வாய் பிளந்திருந்தன. பக்கத்தில் சின்னச் சட்டி, குவளை. செத்தவர்களை உள்ளே வைத்து, கூடவே தானியமும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள் என்று அங்கே நின்ற காவலாளி சொன்னார். இவள் ரொம்ப நேரம் சட்டியையே பார்த்தாள்.

"போறவங்களுக்குச் சோறு கட்டிக் குடுக்கது அப்பவே உண்டு போல" என்றாள்.

"எனக்கும் பானை செஞ்சு வச்சிருக்கியா?"

"உங்களுக்கு எதுக்கு? ஒரு எடத்துல இருந்தால்லா புதைக்க முடியும்."

காவலாளி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

கொற்கையில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதுவே என்னை இழுத்தது. ஒரு காலத்தில் கப்பல் வந்து நின்ற ஊர், முத்துக் குளித்த ஊர், பாண்டியர்கள் இருந்த ஊர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இப்போது ஒரு குளம், குளத்துக்குள் ஒரு அம்மன் கோயில், வயதாகிச் சாய்ந்த ஒரு வன்னி மரம், சில தெருக்கள், மற்றதெல்லாம் வயலும் வாழையும். வயலில் கிடந்த ஒரு சங்குத் துண்டை அவள் எடுத்து மண்ணைத் துடைத்தாள். முன்பு இங்கே வாழைத்தார் ஏற்ற வந்தபோது கிணறு வெட்டிய குழியில் சிப்பிகள் படுகையாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"அப்ப கடல் எங்க போயிட்டு?"

"கிழக்க போயிட்டு. ஆறு மண்ணைக் கொண்டுவந்து போடப் போட, அது பைய வெலகிப் போயிருச்சு."

"சொல்லிட்டுப் போச்சா?"

அவள் சங்குத் துண்டைக் கூடைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நடக்கத் தொடங்கினோம். வாழைத் தோப்புக்கு நடுவில் அவள் நின்றதும் அப்போதுதான்.

உடனே பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம், இலை முக்கால்வாசி தப்பிவிடும் என்றேன். அவளுக்கும் அது தெரியும். கெட்டுப்போன இலைக்குக் கடையில் காரணம் கேட்க மாட்டார்கள். எத்தனை பீடி வர வேண்டுமோ அத்தனை வர வேண்டும்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் பஸ் ஏறிப் போயிருதேன்" என்றாள்.

"ஏளா, உனக்குக் காட்டத்தான வந்தோம்."

"எப்பவும் நீங்கதான போறிய. நான் திரும்பிப் போறவதான்."

கோபமாகச் சொல்லவில்லை. உலை கொதித்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் பையைக் கீழே இறக்கி வைத்தேன். ஒரு டிராக்டர் வாழைத்தாரோடு வந்தது. அதற்கு வழிவிட்டு இரண்டு பேரும் வரப்பில் ஏறி நின்றோம். டிராக்டர் போனபின் அவள் கேட்டாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு இப்பத் திரும்பினா, பெறகு ஒரு நாளு வருவமா?"

வருவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்போது என்று அடுத்தது கேட்பாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கூடையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"நடங்க. பாத்துட்டே போவோம். ராத்திரி தங்க வேண்டாம், வீட்டுக்குப் போய் ஃபேனுக்கு அடியில விரிச்சுப் போட்டா பாதியாவது மிஞ்சும்."

புன்னைக்காயலில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. மாதா கோயிலைத் தாண்டி, வலை காயப்போட்டிருந்த தெருக்களைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போனோம். எங்கள் ஊரில் படித்துறையில் நின்று கல்லெறிந்தால் அக்கரையில் விழுகிற ஆறு, இங்கே அகன்று, அசையாமல், சேற்று நிறத்தில் கிடந்தது. முகத்துவாரத்துக்குப் படகில்தான் போக வேண்டும். ஒரு சின்னப் படகில் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் சிலுவைக் கயிறு, தோளில் லேஞ்சித் துண்டு. அவர் என் பையையும் போர்வையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, படுக்கையோட கடல் பாக்க வந்திருக்கிய. கப்பல் ஏறப் போறியளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவள் சொன்னாள். "இவரு எப்பவோ ஏறிட்டாரு. எறக்கி விடத்தான் ஆள் தேடிட்டு இருக்கேன்."

படகுக்காரர் லேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சேற்றைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதற்கு மிகப் பக்கத்தில் வந்தது அந்த ஒரு பேச்சுத்தான். அதையும் என்னிடம் சொல்லவில்லை, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னாள்.

கரையோரத்துச் சேற்றில் வேர் ஊன்றி நின்ற மரங்களில் கொக்குகள் அடைந்துகொண்டிருந்தன. படகு ஒரு மணல்திட்டில் எங்களை இறக்கியது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அலை. நடுவில் ஒரு கோடு மாதிரி தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கினாள். கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் வந்து மறுபடியும் அள்ளிப் பார்த்தாள்.

"ரெண்டும் உப்புதான். நம்ம ஆத்துத் தண்ணி எது இதுல?"

"பேரு எழுதி ஒட்டியிருக்கும், தேடிப் பாருங்க" என்றார் படகுக்காரர். பிறகு, இப்போது ஏற்றம், கடல்தான் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது, ஆற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் முக்காணிப் பக்கம் வரைக்கும் உப்பு வரும், அங்கே தடுப்பு இல்லையென்றால் இன்னும் மேலேயும் போகும் என்று சொன்னார். அவருக்கு அது குறை. தோட்டத்துக் கிணறெல்லாம் கெட்டுப்போகிறது என்று சலித்துக்கொண்டார்.

"அப்ப போனது திரும்பியும் வரும்" என்றாள் இவள்.

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்தாள். ஒரு தடவை திரும்பியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன் என்று இப்போதும் தோன்றுகிறது. கூடையில் இருந்து அந்தச் சங்குத் துண்டை எடுத்தாள். கடலில் போடப் போகிறாள் என்று நினைத்தேன். அலையில் கழுவிவிட்டு மறுபடியும் கூடைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் ஒரு கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தது. எங்கே போகிற கப்பல், அதில் என்ன வேலை கிடைக்கும் என்றுதான் என் புத்தி முதலில் போனது. என் பை மணலில் கிடந்தது. அதன் மேல் அவளுடைய செருப்பை வைத்திருந்தாள், அலை கொண்டுபோகாமல் இருக்க.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் தூங்கினாள். தலை என் தோளில் சாயவில்லை, ஜன்னல் கம்பியில்தான் சாய்ந்திருந்தது. அவள் விரல்கள் மடியில் அசைந்துகொண்டிருந்தன. தூக்கத்திலும் இலையைச் சுருட்டுகிற அசைவு அது. நான் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒடிசாவில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த நாட்களிலும் எனக்கு நினைவு வந்தது அவள் முகம் அல்ல, அந்த விரல்கள்தான். பக்கத்திலேயே இருக்கும்போது அவளுக்காக ஏங்கியது எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை.

திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். எதிரிலேயே சேலம் பஸ், கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார்.

"நாமக்கல் வழியாத்தான் போவும். ஏறுதியன்னா ஏறுங்க. நான் போயிருவேன்" என்றாள்.

"இலையைப் பிரிச்சுப் போட்டுட்டுக் காலையில போறேன்."

அவள் முக்கூடல் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். வீட்டுக் கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. சாக்கைப் பிரித்தபோது உள்சுருள் கைக்குச் சூடாக இருந்தது. தரை முழுக்க இலையை விரித்தோம். படுக்க இடமில்லாமல் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தோம்.

விடிந்ததும் அவள் இலைகளைப் பிரித்தாள். கறுத்தது ஒரு பக்கம். ஓரத்தில் மட்டும் புள்ளி விழுந்தது ஒரு பக்கம். நல்லது ஒரு பக்கம், அது கொஞ்சம்தான். புள்ளி விழுந்ததை வெயில் ஏறுவதற்குள் வெட்டிவிட்டால் தப்பும், இல்லையென்றால் அதுவும் போகும். ஒரு ஆள் வெட்டி முடிக்கிற அளவு இல்லை அது. அவள் குளிக்காமல், தலை வாராமல் கத்தரியோடு உட்கார்ந்துவிட்டாள். என் பை சுவரோரம் தயாராக இருந்தது. குடிக்க ஒன்றும் போட நேரமில்லை, கடையில் குடித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

நான் சட்டையை மாட்டினேன். பையைத் தூக்கினேன். வாசல் வரை போக வேண்டுமானால் இலையை மிதிக்காமல் போக இடமில்லை. எங்கே கால் வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தலை நிமிராமல் தன் பக்கத்தில் இருந்த இலைகளை ஒதுக்கி எனக்கு ஒற்றையடி அகலத்தில் வழி செய்தாள்.

போகாதீர்கள் என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். வழிவிட்டதைப் பார்த்தபின் என்னால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, அவள் தங்கை கல்யாணமாகிப் போகும்வரை இலை வெட்டிய பழைய கத்தரியை அலமாரிக்கு மேலிருந்து எடுத்து, துரு போகத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அவள் என்னையும் கத்தரியையும் பார்த்தாள். நடுவில் கிடந்த ஈரச் சாக்கை என் பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் போன் வந்தது. எங்கே இருக்கிறாய், வண்டி கிளம்பப் போகிறது என்றார். வரவில்லை, இங்கே வேலை கிடைத்திருக்கிறது என்றேன். என்ன வேலை என்று கேட்டார்.

"இலை வெட்டுதேன்."

அவர் சிரித்துவிட்டு, வேறு ஆள் போட்டுக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். போர்வையோடு பை இறக்கி வைத்த இடத்திலேயே கிடந்தது. பாலத்தில் ஒரு லாரி கியர் மாற்றி ஏறுகிற சத்தம் கேட்டது. அது எந்த ஊர் வண்டி என்று என் காது தானாகக் கவனித்தது. அவளும் கத்தரியை நிறுத்தி அதைக் கேட்டாள், நான் கேட்கிறேன் என்று தெரிந்து. சத்தம் போன பிறகு நான் வெட்டிய இலை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பெருசு பெருசா வெட்டுதிய. தகரத்தை வச்சு வெட்டுங்க" என்று அளவுத் தகரத்தை என் முன்னால் போட்டாள்.

நுனி இல்லாத விரலால் தகரத்தை அழுத்திப் பிடிக்க வரவில்லை, வழுக்கியது. பக்கத்து விரலை மாற்றி வைத்து, கறுப்புப் புள்ளி தகரத்துக்கு வெளியே போகிற மாதிரி இலையைத் திருப்பி, வெட்டினேன்.